சம்பந்தி அனுப்பிய அடுப்பு

விழுப்புரம்
26-11-1986

சம்பந்தி துரைக்கண்ணு அவர்களுக்கு,

வேங்கடேசன் எழுதுகிறேன். கிருஷ்ணவேணியும் குழந்தையும் நலம். மற்றவை நலமாக இல்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நேற்று காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு லாரி எங்கள் தெருவுக்குள் புகுந்தது. திரும்ப இடமில்லாத தெரு. எதிர்வீட்டு அசன் பீவி அம்மாளின் முருங்கைக் கிளையை ஒடித்துக்கொண்டு வந்து நின்று, ஓர் இரும்புப் பீப்பாய் அடுப்பையும் சில மூட்டை மல்லாட்டைத் தோலையும் என் வாசலில் இறக்கியது. கிளீனர் பெரிய குரல்காரன். "திண்டிவனம் மில்லு மொதலாளி அனுப்பிச்சாரு! வாத்தியாரு ஊட்டுல கொழந்தைக்குக் குளுருதாம்!" என்று தெருவுக்கே அறிவித்தான். நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் மாணவர்கள் நான்கு பேர் இதே தெருவில் இருக்கிறார்கள்.

முதல் பிரசவம் பெண் வீட்டுப் பொறுப்பு. தாயும் குழந்தையும் புகுந்த வீட்டுக்குப் போகும்வரை அவர்களுக்கு வேண்டிய சோறும் மருந்தும் சூடும் எங்களுடையவை. பிள்ளை வீட்டிலிருந்து பழம் வரலாம், பூ வரலாம், குழந்தைக்குச் சட்டை வரலாம். அடுப்பு வருமா? உங்கள் பக்கத்தில் எங்காவது வந்திருக்கிறதா?

குழந்தை ஒரு மாதம் முந்திப் பிறந்தது யாருடைய குற்றமும் இல்லை. பனிக்காலம் முடியும்வரை அது இருக்கும் அறை கதகதப்பாக இருக்க வேண்டும் என்று டாக்டர் அம்மாள் சொன்னார்கள். அப்போது தாங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "அந்தக் கூடம் ஐஸ் பெட்டியாட்டம் இருக்குது. நம்ம ஊட்டுக்கே இட்டுக்கினு பூடலாம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஐந்தாம் மாதம் அனுப்புவதாகப் பேச்சு. அதற்கு முன் யாரும் எங்கும் போகவில்லை. என் கூடத்தை எப்படிச் சூடாக்குவது என்பதை நான் தேர்ந்தெடுத்துக்கொள்வேன்.

கல்யாணப் பத்திரிகையில் தங்கள் மில்லின் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டு என் எம்.எஸ்.ஸி. பட்டத்தை விட்டுவிட்டதையே நான் இன்னும் கேட்கவில்லை. அச்சுக்காரன் பிழை என்றீர்கள். சரி. தலைமையாசிரியர் பதவி என்னைவிட இளையவனுக்குப் போனபோதும் அது யாரோ ஒரு குமாஸ்தாவின் பிழை என்றுதான் சொன்னார்கள். என் விஷயத்தில் மட்டும் இந்தப் பிழைகள் தவறாமல் நடக்கின்றன.

அடுப்பும் மூட்டைகளும் இன்று மாலை லாரியில் திரும்பி வருகின்றன.

வேங்கடேசன்


திண்டிவனம்
1-12-1986

வாத்தியார் சம்பந்திக்கு,

அடுப்பு வந்து சேர்ந்தது. ஒரு கால் வளைந்திருக்கிறது. போகும்போது நேராகத்தான் போனது.

நான் உங்களை அவமானப்படுத்த அனுப்பவில்லை. என் மில்லில் வேர்க்கடலை உடைத்து மிஞ்சிய தோல் மலைபோல் கிடக்கிறது. நடுவில் ஓர் உருளைக் கட்டையை நிறுத்தி, சுற்றிலும் இடித்த தோலை இறுக்கிக் கெட்டித்து, கட்டையை உருவிவிட்டுக் கீழே பற்றவைத்தால் பொழுதுக்கும் கனன்றுகொண்டே இருக்கும். ஊத வேண்டாம், கிளற வேண்டாம். மில் ஷெட்டில் ஆட்களுக்கு டீ போடுவதே அதில்தான். பேத்திக்கு ஆகுமே என்று அனுப்பினேன். இதில் பழக்கம் எங்கே வந்தது, வழக்கம் எங்கே வந்தது?

வீட்டில் வெள்ளையம்மாள் அப்போதே சொன்னாள். "அந்த மனுசரு இதையும் கணக்குல வச்சிக்கினு பத்து வருசம் பேசுவாரு, பாருங்க" என்றாள். நான்தான் கேட்கவில்லை.

இன்னொன்று. அடுப்பின் வெளிப்பக்கமெல்லாம் சாக்பீஸ் கோடுகள். மேலே ஒரு வட்டம், பக்கத்தில் நீளக்கோடு, வாய்க்குப் பக்கத்தில் ஏதோ எண்கள். லாரிக்காரன் தனக்குத் தெரியாது என்கிறான். உங்கள் வீட்டில் சாக்பீஸுக்குப் பஞ்சம் இருக்காது.

நான் வளைத்துப் பேச மாட்டேன். சீனுவாசன் நெய்வேலியிலிருந்து ஞாயிறுதோறும் அங்கே வருகிறான். அவன் வந்து கூடம் கதகதப்பாக இருக்கிறது என்று சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன். குளிருகிறது என்று சொன்னால் காரை எடுத்துக்கொண்டு வந்து மருமகளையும் குழந்தையையும் கூட்டி வந்துவிடுவேன். ஐந்தாம் மாதம் என்றெல்லாம் பேசக் கூடாது. மூன்று கிலோகூட இல்லாத குழந்தை அது.

துரைக்கண்ணு


விழுப்புரம்
8-12-1986

சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் எச்சரிக்கை கிடைத்தது. நானும் சும்மா இருக்கவில்லை.

விறகு அடுப்பா? கூடம் சமையலறை ஆகிவிடும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வா? அந்த நாற்றத்தில் பெரியவர்களுக்கே குமட்டுகிறது. ஆகவே பாண்டிக்குப் போய் மின்சார ஹீட்டர் வாங்கி வந்திருக்கிறேன். புகை இல்லை, சாம்பல் இல்லை, லாரி இல்லை. பொத்தானைத் தட்டினால் கம்பி செக்கச் செவேலென்று பழுக்கிறது. நேற்று பகலில் போட்டுப் பார்த்தோம். கிருஷ்ணவேணி போர்வையை விலக்கிவிட்டாள். மாப்பிள்ளையே பக்கத்தில் உட்கார்ந்து கையைக் காட்டிக்கொண்டு, "நல்லா இருக்குது மாமா" என்றார். அவரைக் கேட்டுக்கொள்ளலாம். கல்வி கற்றவன் ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கும், மில்லில் மிஞ்சியதை ஏற்றி அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

9-12-1986

நேற்று எழுதித் தபாலில் சேர்க்கவில்லை. தொடர்கிறேன்.

நேற்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் ஹீட்டரைப் போட்டேன். கம்பி குங்குமப்பொட்டு அளவுக்குச் சிவந்து, அதோடு நின்றுவிட்டது. ஓல்டேஜ் இல்லை. ஊரெல்லாம் பம்பு செட்டுக்கு மின்சாரம் கொடுத்தால் வாத்தியார் வீட்டுக்கு எங்கிருந்து வரும்? நான் சற்றுக் கூட்டி வைத்தேன். கம்பத்தில் படார் என்று ஒரு சத்தம். எங்கள் வரிசை முழுவதும் இருட்டு. அரைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் தெருவில் குதிக்கிறார்கள். வீட்டுக்காரர் நடராசன் டார்ச் லைட்டோடு வந்து, "சார், இந்தப் பேஜாரு புடிச்ச பொட்டிய இன்னொரு வாட்டி சொருவுனீங்கன்னா வேற ஊடு பாத்துக்குங்க" என்றார். இத்தனை வருடம் வாடகைக்கு இருப்பவனிடம் பேசும் பேச்சா இது?

இது மின்வாரியத்தின் குறைபாடு. ஹீட்டரின் குறைபாடு அல்ல. என் தேர்வின் குறைபாடும் அல்ல. தாங்கள் காரைத் துடைத்து வைக்க வேண்டியதில்லை. என் மனைவி லட்சுமி குமுட்டி அடுப்பில் கரி போட்டுக் கூடத்தில் வைக்கப்போகிறாள். பிறந்த வீட்டில் ஆண்டாண்டாகச் செய்வதுதான்.

வேங்கடேசன்


திண்டிவனம்
17-12-1986

வாத்தியார் சம்பந்திக்கு,

சீனுவாசன் எதையும் சொல்ல மாட்டான் என்று நினைத்துவிட்டீர்கள். அவன் உங்கள் மாப்பிள்ளை ஆவதற்கு முன்னால் என் பிள்ளை.

சனிக்கிழமை சாயங்காலம் பனி வருகிறது என்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் சாக்கைத் திணித்து, கதவுக்கடியில் பழைய வேட்டியை அடைத்து, நடுக்கூடத்தில் குமுட்டி நிறையக் கரியைக் கொட்டி வைத்திருக்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் சம்பந்தி அம்மாளுக்குத் தலைவலி. மருமகள் எழுந்திருக்கப் பார்த்து அப்படியே சரிந்திருக்கிறாள். நல்ல வேளை, எதிர்வீட்டு அசன் பீவி அம்மா பால் செம்பைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார்கள். கதவை ஒரே தள்ளாகத் தள்ளித் திறந்து குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, "அல்லாவே! வாத்தியாரூட்டம்மா, பச்ச ஒடம்புக்காரிய வச்சிக்கினு இப்படியா மூடிப் போடுவீங்க? மூச்சு முட்டிப் போயிருக்குமே!" என்று கத்தியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சீனுவாசன் வந்தபோது அவர்களே வாசலில் நிற்க வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்.

உங்கள் கடிதம் எதிலும் இது இல்லை.

நீங்கள் வேதியியல் வாத்தியார். மூடிய அறையில் கரி எரிந்தால் என்ன விஷம் வரும் என்று வருஷா வருஷம் பலகையில் எழுதிப் போடுகிறவர். எனக்கு அதன் பெயர் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு என்ன செய்தீர்கள்?

இதைக் கேட்டதிலிருந்து வெள்ளையம்மாள் சரியாகச் சாப்பிடவில்லை. "அடுப்பத் திருப்பி அனுப்பத் தெரிஞ்சவருக்கு ஜன்னலத் தொறக்கத் தெரியலியா?" என்கிறாள்.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு காலை காரோடு வருகிறேன். மருமகளின் துணிமணியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இங்கே கூடத்துக்கு வெள்ளையடித்து எல்லாம் தயாராக இருக்கிறது.

துரைக்கண்ணு


விழுப்புரம்
21-12-1986

சம்பந்தி அவர்களுக்கு,

அன்று நடந்தது பெரிதாக்கப்படுகிறது. நான் அப்போது வீட்டில் இல்லை. விடைத்தாள் கட்டு வாங்கப் போயிருந்தேன். கரியை நன்றாகக் கனிய வைத்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று லட்சுமியிடம் சொல்லியிருந்தேன். ஜன்னலில் சாக்கு வைத்தது நான்தான். கரி வருவதற்கு முன்னால் வைத்தது. இரண்டும் சேர்ந்துவிட்டது. இதற்குமேல் இதைப் பற்றி எழுத நான் விரும்பவில்லை. டாக்டர் அம்மாளிடம் மறுநாள் காலையிலேயே காட்டினோம். குழந்தைக்கு ஒன்றுமில்லை. கிருஷ்ணவேணிக்கும் ஒன்றுமில்லை. எனக்குத்தான் அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. அது தங்களுக்கு ஒரு பொருட்டல்ல என்பது தெரியும்.

இப்போது கேளுங்கள். தகரவேலை செய்யும் சவுரிராயனிடம் சொல்லி ஓர் அடுப்பு செய்திருக்கிறேன். தூளைக் கெட்டித்து எரிக்கும் அடுப்புதான். தாங்கள் அனுப்பியதைப் போன்றது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தாங்கள் அனுப்பியது புகையை அறைக்குள்ளேயே விடும் அடுப்பு. மில் ஷெட்டுக்குச் சரி, அங்கே சுவரே இல்லை. இதற்கு மேல்மூடி உண்டு. மூடியிலிருந்து ஒரு தகரக் குழாய் கிளம்பிச் சுவரோரமாக ஏறி வெளியே போகிறது. சுவரில் துளை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "செவுத்துல கை வச்சா நான் இங்கியேதான் படுப்பேன்" என்றார். அதனால் ஜன்னலுக்கு மேலே வெண்டிலேட்டரில் ஒரு கண்ணாடியை மட்டும் கழற்றி, அதன் வழியே குழாயை விட்டிருக்கிறோம். எதிர்ப்பக்க ஜன்னல் எப்போதும் ஒரு சாண் திறந்திருக்கும். அதை யார் மூடினாலும் நான் திறக்கிறேன். வீட்டில் எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

புகை முழுவதும் தெருப்பக்கம் போகிறது. சூடு முழுவதும் கூடத்தில் நிற்கிறது. குழந்தையின் உள்ளங்கால் இப்போது சில்லென்று இல்லை. நான் அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன்.

தாங்கள் வரலாம். வந்து பாருங்கள். ஆனால் துணிமணி எதுவும் எடுத்து வைக்கப்படவில்லை. கிருஷ்ணவேணியிடம் தங்கள் கடிதத்தைக் காட்டினேன். "ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லியா? ஜில்லுன்னு இருந்தா நானே கெளம்பிப் போறேன், சூடா இருந்தா இருக்கேன். என்னைக் கேட்டுட்டா சண்ட போடறீங்க?" என்று சொல்லிவிட்டுக் குழந்தையோடு திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காரை மட்டும் விட்டுவிட்டு பஸ்ஸில் வரலாம்.

வேங்கடேசன்


திண்டிவனம்
30-12-1986

வாத்தியார் சம்பந்திக்கு,

ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசாததை எல்லாம் எழுதிவிடுகிறேன். சம்பந்தி அம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள், எனக்கு வாய் வரவில்லை.

கூடம் கதகதப்பாக இருந்தது. சொல்லிவிட்டேன். சால்வையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன், கொஞ்ச நேரத்தில் சட்டைப் பொத்தானையும் கழற்ற வேண்டியதாகிவிட்டது. நீங்கள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு பேப்பர் படித்தீர்கள்.

என்னை உட்காரச் சொன்னது தோல் மூட்டைகளுக்குப் பக்கத்து நாற்காலி. மூட்டைகளின் சாக்கை உட்புறம் வெளியே வரும்படி புரட்டித் தைத்திருந்தீர்கள். சிவப்புப் பெயிண்ட் ஊறி வெளியே தெரியும், சம்பந்தி. 'துரைக்கண்ணு மில், திண்டிவனம்' என்பது கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறித் தெரிந்தது. என் பெயரை எந்தப் பக்கம் திருப்பினாலும் எனக்குப் படிக்கத் தெரியும்.

ஆனால் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று நினைக்க வேண்டாம். விழுப்புரம் மார்க்கெட்டில் தோல் விற்கும் இப்ராஹிம் ஷாவுக்குச் சரக்கு போடுவதே நான்தான். முதல் மூட்டை வாங்கிய வாரமே அவர் போன் போட்டு, "ஒங்க சம்மந்தி வாத்தியாரு வந்து தோலு வாங்கினு போறாருங்க. எந்த மில்லு சரக்குன்னு கேட்டாரு. நான் பண்ருட்டின்னு சொல்லிட்டேன்" என்றார். ஈரத்தோலைக் கொடுத்துவிடாதீர்கள், புதுச்சரக்காக, நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து எடுத்து வையுங்கள் என்று சொன்னேன். சாக்பீஸ் கோடு எதற்கு என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. அளவெடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். வளைந்த காலுக்கும் அதுதான் காரணமா?

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சீனுவாசன் சொல்லுவான். நீங்கள் திருப்பி அனுப்பிய அடுப்பை இங்கே கூடத்தில் வைத்துப் பற்றவைத்துப் பார்த்தேன். புது வெள்ளையடித்த சுவரெல்லாம் கறுப்பு. வீட்டில் எல்லோரும் இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தோம். "ஷெட்டுல வைக்கிறத ஊட்டுக்குள்ள வச்சா ஊடு ஷெட்டாத்தான் ஆவும்" என்று வெள்ளையம்மாள் பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறை. அந்தக் கறுப்போடுதான் மருமகளைக் கூட்டி வரக் கிளம்பி வந்தேன்.

காரை உங்கள் வாசலில் நிறுத்திவிட்டு வந்தவன் காலிக் காரோடு திரும்பினேன். குழந்தை என் மடியில் நெற்றியில் வேர்க்கத் தூங்கியது. அதை எழுப்பிப் பனியில் எடுத்துக்கொண்டு வர என்னால் முடியவில்லை. உங்களுக்காக இல்லை.

அந்தக் குழாயின் அளவை எழுதி அனுப்பவும். சாக்பீஸில் எழுதினாலும் சரி.

துரைக்கண்ணு


விழுப்புரம்
6-1-1987

சம்பந்தி அவர்களுக்கு,

கடையில் விற்கும் பொருளைக் கடையில் வாங்கினேன். அது எந்த மில்லில் உரித்த தோல் என்பது என் கவலை அல்ல. பண்ருட்டி என்று ஒரு வியாபாரி சொன்னால் நம்புவது வாங்குகிறவன் வழக்கம். சாக்கு கிழிந்திருந்ததால் லட்சுமி புரட்டித் தைத்தாள். இதைப் போய்த் தாங்கள் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு கடைக்காரரோடு பேசி, எனக்கு எந்த மூட்டை கொடுப்பது என்று தாங்கள் தீர்மானித்திருக்கிறீர்கள். பெண் வீட்டுப் பொறுப்பில் தலையிடக் கூடாது என்று எழுதியவன் விஷயத்தில், அவனுக்கே தெரியாமல் தலையிட்டிருக்கிறீர்கள். கோபப்பட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். தோல் நன்றாகக் காய்ந்திருந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

குழாய் நான்கு அங்குல விட்டம். நேராகவே ஏற்றக் கூடாது, வெண்டிலேட்டருக்குக் கீழே ஒரு முழங்கை வளைவு வேண்டும். இல்லாவிட்டால் காற்றடிக்கும்போது புகை திரும்பிவிடும். வரைபடம் பின்பக்கத்தில். சவுரிராயனை அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். ஜன்னலைத் திறந்து வைக்க மறக்க வேண்டாம். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு மூட வேண்டாம். இதை இருமுறை படிக்கவும்.

டாக்டர் அம்மாள் எடை பார்த்தார்கள். "பரவாயில்லியே, தேறிட்டாளே" என்றார்கள். மாசிக் கடைசியில் நல்ல நாள் பார்த்து, முறையாக வந்து அழைத்துப் போகலாம். அதற்கு ஒரு நாள் முந்தியும் இல்லை.

பத்திரிகையில் விட்டுப்போன எம்.எஸ்.ஸி.க்கு இதுவரை பதில் இல்லை.

வேங்கடேசன்


விழுப்புரம்
20-3-1987

சம்பந்தி அவர்களுக்கு,

குழந்தை புது இடத்தில் அழாமல் தூங்குகிறதா? இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தால்தான் தூங்கும் என்பதை அன்று கார் கிளம்பும் அவசரத்தில் சொல்ல மறந்துவிட்டேன். லட்சுமி சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவள் நினைத்தாளாம்.

இங்கே வெயில் வந்துவிட்டது. வெண்டிலேட்டரில் கண்ணாடியைத் திரும்பப் பொருத்தச் சொல்லி நடராசன் தினமும் வந்து நிற்கிறார். கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுப்பு கூடத்திலேயே இருக்கிறது. நேற்று மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் லட்சுமி அதில் தூளைக் கெட்டித்துக்கொண்டிருந்தாள். இந்த வெயிலில் எதற்கு என்று கேட்டேன். "தெரியல, கை அதுவா செஞ்சிடுச்சி" என்றாள். பிறகு இருவருமாக அதைக் கொட்டி மறுபடியும் சாக்கில் கட்டி வைத்தோம்.

எழுத வந்தது வேறு. மீதி இரண்டு மூட்டைத் தோல் இங்கே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. வெயிலில் தீப்பிடிக்கும் பொருள். தங்கள் மில் சரக்கு என்று தாங்களே சொல்லிவிட்டதால் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டியது தங்கள் கடமை. லாரி எங்கள் தெருவுக்குள் வரக் கூடாது. முருங்கை இப்போதுதான் துளிர்த்திருக்கிறது. நேரில் காரில் வந்து எடுத்துப் போகவும். கிருஷ்ணவேணியையும் குழந்தையையும் தனியாக விட்டுவிட்டு வருவது சரியாக இருக்காது.

வேங்கடேசன், எம்.எஸ்.ஸி.


திண்டிவனம்
25-3-1987

வேங்கடேசன், எம்.எஸ்.ஸி. சம்பந்திக்கு,

இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தோம். தூங்கிவிட்டது. இவ்வளவு நாள் எங்களைத் தூங்கவிடவில்லை, இதைக் கடிதத்தில் எழுதாமல் ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருகிறோம். மதியச் சாப்பாட்டுக்கு வெள்ளையம்மாள் ஏதாவது எடுத்து வரலாமா என்று கேட்கச் சொன்னாள். பெண் வீட்டுப் பொறுப்பு என்று அதையும் திருப்பி அனுப்பிவிடுவீர்கள் என்று நான் வேண்டாம் என்றேன்.

மூட்டைகளைத் தொட மாட்டேன். ஈரம் படாமல் பலகைமேல் தூக்கி வையுங்கள், எலி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெண்டிலேட்டரில் கண்ணாடியும் போட வேண்டாம். வீட்டுக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன். மார்கழியில் மருமகள் அங்கேதான் வந்து இருக்கப்போவதாகச் சொல்கிறாள். இங்கே நான் போட்ட குழாய் புகையைத் திருப்பி உள்ளேயே விடுகிறது. உங்கள் வரைபடம் தப்பு.

துரைக்கண்ணு